கோடையில் வேலைக்கு நடக்கும் கால்களுக்கு எந்தச் செருப்பு?

கேள்வி: எனக்கு வயது 38. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு 15 நிமிட நடை. ரயிலில் 40 நிமிடம், பெரும்பாலும் நின்றுகொண்டுதான். இறங்கியதும் அலுவலகத்துக்கு இன்னும் 10 நிமிடம் நடக்க வேண்டும். போன கோடையில் மூடிய கறுப்பு ஷூ அணிந்து, குதிகாலில் கொப்புளமும் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வந்து அவதிப்பட்டேன். அதனால் இந்த ஆண்டு கட்டைவிரல் வளையம் வைத்த, மெல்லிய, தட்டையான செருப்புக்கு மாறினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது காலில் ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது. இரண்டே மாதத்தில், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவதுபோல் வலிக்கிறது. ஷூ போட்டால் வேக்காடு, செருப்புப் போட்டால் வலி. அலுவலகத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். நான் என்னதான் அணிவது? வாங்கப்போவதையே சர்க்கரை நோயுள்ள என் அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடையில் போட்டுப் பார்த்தபோது லேசாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இயன்முறை மருத்துவராக நான் பார்க்கிற குதிகால் வலிக்காரர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். கடையில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கிறோம். ஆனால் நீங்கள் போகவரச் சேர்த்து நாளுக்கு 50 நிமிடம் நடக்கிறீர்கள். நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்துக்கொண்டால் 5,000 அடி. ஒவ்வொரு குதிகாலும் 2,500 முறை தரையில் பதிகிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை அதன் மேல் இறங்குகிறது. இது போதாதென்று ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கிறீர்கள். இவ்வளவு வேலை வாங்கும் ஒரு பொருளைப் பற்றி, மாலையில் வீடு திரும்பும் காலிடம்தான் கருத்துக் கேட்க வேண்டும்.

இதற்கு மேல் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தத் தட்டைச் செருப்பை எடுத்துவந்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் படும் பரப்பில் உங்கள் கால் தன் தடத்தை விட்டுவைத்திருக்கும். பின்னால் குதிகாலின் வட்டம். முன்னால் ஐந்து விரல் நுனிகள். அந்த விரல் தடங்களைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். வெறும் கறையாக இருந்தால் பரவாயில்லை. சின்னச் சின்னக் குழியாக அகப்பட்டால், இரண்டு மாதமாக உங்கள் விரல்கள் கொக்கிபோல் வளைந்து அந்தச் செருப்பை இறுக்கிப் பற்றிக்கொண்டு நடந்திருக்கின்றன என்று பொருள். பின்னால் பிடிப்பில்லாத செருப்பு ஒவ்வொரு அடியிலும் காலைவிட்டு நழுவத்தான் பார்க்கும். கால் அதை விடாமல் பற்றும். நமக்குத் தெரியாமலே நாளெல்லாம் இந்தப் போராட்டம் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு விரிவுரையாளருக்கு இரண்டாம், மூன்றாம் விரல்களின் முட்டிகளில் காய்ப்புக் காய்த்திருந்தது. தன் செருப்பு எங்குமே கடிக்கவில்லையே, காய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டார். செருப்பை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் தடத்தில் ஒரு மிளகை உட்காரவைக்கலாம்; அவ்வளவு ஆழம். விரல்களை மடக்கியே நடந்ததில், முட்டிகள் மேல் வாரில் உரசிக் காய்த்துப்போயிருந்தன.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் போலப் பாத வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நின்றால் இழுபடும், நடக்கும்போது குதிகால் உயர்ந்து விரல்கள் மேல்நோக்கி வளைந்தால் இன்னும் விறைக்கும். அடிப்பாகம் மெலிந்து, வளைவுக்கு எந்தத் தாங்கலும் இல்லாத செருப்பில் இந்தப் பாரம் முழுவதும் அந்த நாரின் தலையில் விழுகிறது. குதிகாலுக்கு அடியில் இயற்கை தந்த கொழுப்பு மெத்தை ஒன்றும் இருக்கிறது. சுற்றி ஒரு குழிவு இருந்தால் அந்த மெத்தை எலும்புக்குக் கீழேயே திரண்டு நிற்கும். தட்டையான பலகைமேல் மிதித்தால் பக்கவாட்டில் பிதுங்கிப்போகும். இப்படிப் பகலில் நைந்த நார், இரவு படுத்திருக்கையில் சுருங்கி இறுகுகிறது. காலையில் முதல் அடியில் அதைத் திடீரென்று இழுக்கிறீர்கள்; முள் குத்துகிறது. நாலு அடி நடந்ததும் வலி குறைகிறதென்றால் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் இந்த நார்ப்பட்டை வலியாகத்தான் இருக்கும். குறையாமல் நாள் முழுவதும் ஒரே மாதிரி வலித்தாலோ, வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தாலோ, கடிதத்தை நம்பாமல் மருத்துவரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.

உங்கள் இரண்டு கோடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன ஆண்டுக் கொப்புளத்துக்குக் காரணம் ஷூ மூடியிருந்தது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். வியர்வைக்கு அதில் பங்கு உண்டுதான். ஆனால் குதிகாலில் கொப்புளம் எழும்ப வேண்டுமென்றால் அங்கே தோல் உரசியிருக்க வேண்டும். உரச வேண்டுமென்றால் ஷூவுக்குள் குதிகால் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அந்த ஷூ உங்களுக்குக் குதிகால் பக்கம் தளர்வாக இருந்திருக்கிறது. இந்த ஆண்டுச் செருப்போ, பின்னால் பிடிப்பே இல்லாதது. ஒன்றில் தோல் தேய்ந்தது, மற்றொன்றில் நார் நைந்தது. இரண்டிலும் கால் நழுவியிருக்கிறது. கோடைச் செருப்பு என்றதும் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு காற்று வரும் என்றுதான் நாம் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது, கால் எவ்வளவு உறுதியாக அதில் அமர்கிறது என்பதை. நழுவாத கால் உரசாது. உரசாத கால் உரசலால் வரும் சூட்டையும் தவிர்த்துவிடும். காற்றோட்டத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனவே நான் உங்களுக்குச் சொல்வது: குதிகாலைச் சுற்றி வார் உள்ள, விரல் பக்கம் மூடிய, இரு பக்கமும் திறப்புகள் உள்ள சாண்டல். மூன்று இடத்தில் அது காலைப் பிடிக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், மேற்பாதத்தின் குறுக்கே ஒரு வார், விரல்களுக்குச் சற்றுப் பின்னே முன்பாதத்தை அணைக்கும் அகலமான பகுதி. இவற்றில் இரண்டாவது வாராவது பக்கிளாலோ வெல்க்ரோவாலோ கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்கட்டும். காலையில் இருக்கிற கால் மாலையில் இருப்பதில்லை. வெயிலில் நடந்து, நின்று, நீர் இறங்கி, சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். எலாஸ்டிக் பட்டை மட்டுமே உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். முதல் மாதம் கச்சிதமாக இருக்கும். பிறகு தளர்ந்து, பழைய கதைதான்.

விரல் பக்கம் ஏன் மூடியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நெரிசலான ரயிலில் நின்று போகிறீர்கள். வண்டி குலுங்கும்போது பக்கத்திலிருப்பவரின் குதிகால் உங்கள் விரல்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நகம் பெயர்ந்து வந்தவர்களின் காலில் பார்த்திருக்கிறேன். நடைபாதைக் கல்லில் இடறுகிறவர்களும் உண்டு. முன்பக்கம் மூடியிருந்தால் அலுவலகத்தில் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். இதற்காக, துளைகள் போட்ட மென்மையான நுரைச் செருப்பை வாங்கிவிடாதீர்கள். அந்த வகை எஸ்கலேட்டரின் ஓரத்திலும் பற்களிலும் சிக்கிக்கொள்ளும் தன்மை உடையது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. ரயில் நிலையத்தில் தினமும் எஸ்கலேட்டர் ஏறுகிறவர்கள் எந்தச் செருப்பு அணிந்தாலும் படியின் நடுவில் நிற்பது நல்லது.

இனி அடிப்பாகம். கடையில் கையில் எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள். முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். உங்கள் கால் எங்கே மடங்குமோ அங்கே, அதாவது விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்குகிற செருப்பு பாத வளைவைக் கைவிட்டுவிடும். அடுத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். துணிபோலவே பிழிபட்டால் கீழே வைத்துவிடுங்கள். மூன்றாவதாக, குதிகால் உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சற்று அமுங்கி உடனே எழ வேண்டும். விரல் புதைந்து குழி அப்படியே நின்றால் அது உங்கள் எடையின் கீழ் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கடைகளில் இப்போது மெமரி ஃபோம் என்கிற மெத்தைக்கு நல்ல வரவேற்பு. பாதம் பட்டதும் அது காலின் வடிவத்துக்குக் குழைந்துகொடுக்கும். அந்த இரண்டு நிமிடச் சுகத்தில்தான் பலர் மயங்கிப்போகிறோம். அது சூடு பட்டால் மேலும் இளகும் பொருள். கோடையில், வியர்த்த பாதத்தின் வெப்பத்தில், கடையில் இருந்ததைவிட மென்மையாகி, கால் புதைந்து தள்ளாடும். வெப்பத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். மேலே மெல்லிய ஒரு படலம் இருந்தால் கெடுதலில்லை. முழு மெத்தையும் அதுவாக இருக்க வேண்டாம். ஈ.வி.ஏ. என்ற லேசான நுரை, அதற்குக் கீழே வரிகள் வெட்டிய ரப்பர், இந்தச் சேர்க்கை உங்கள் நடைக்குப் போதுமானது. பாலியூரித்தேன் அடிப்பாகம் சற்றுக் கனம். ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகாது. எதுவானாலும் குதிகால் பக்கம் விரல் பருமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். கடும் வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மெல்லிய அடிப்பாகத்தில் அந்தச் சூடு நேராக உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. பலர் தங்கள் காலின் எரிச்சலுக்குக் காரணம் வியர்வை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; அது கீழேயிருந்து ஏறிய சூடாகவும் இருக்கலாம்.

குதிகால், முன்பாதத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இப்போது உங்களுக்கு நல்லது. கெண்டைக்காலின் இழுப்பும் நாரின் இழுப்பும் தணியும். அதற்காக உயர்ந்த குதிகால் செருப்புக்குப் போய்விடாதீர்கள். பாரம் முழுவதும் முன்பாதத்துக்குப் போய், ஒரு வலியைக் கொடுத்து இன்னொரு வலியை வாங்கியதாக முடியும்.

அளவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் தங்கள் கால் அளவைக் கடைசியாக எப்போது அளந்தோம் என்றே நினைவில்லாதவர்கள். இருபது வயதில் வாங்கிய எண்ணையே நாற்பதிலும் கேட்டு வாங்குகிறார்கள். வயது ஏற ஏற, பிரசவத்துக்குப் பிறகு, எடை கூடும்போது, தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளவும் அகலவும் செய்கிறது. எண்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. இங்கிலாந்து அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சில மில்லிமீட்டர் இங்கும் அங்கும் போகத்தான் செய்யும். பெருவிரல் நகம் இடிப்பதற்கு அந்தச் சில மில்லிமீட்டரே போதும்.

ஆகவே ஒரு மாலையில், வேலை முடித்து வந்த காலோடு, வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள், பாரம் இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்தையும் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, வேறொருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் பாரம் மாறிக் கோடு பொய் சொல்லும். இரண்டு காலையும் வரையுங்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நீளத்தைக் குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை அளங்கள்; பலருக்கு அது இரண்டாம் விரல். அதன் முன்னால் ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் வேண்டும். அந்தத் தாளைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். சாண்டலின் அடிப்பாகத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் உங்கள் கால் விளிம்பைத் தாண்டி வழியும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதானாலும் இந்தத் தாள் உதவும். எண்ணை மட்டும் பார்க்காமல் சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

கடையில் நடந்து பார்க்கும்போது, கம்பளம் விரித்த இடத்தில் நடக்க வேண்டாம். கம்பளத்தில் எல்லாச் செருப்பும் சுகமாகத்தான் இருக்கும். வெறும் தரையில் ஐந்து நிமிடம் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கால் முன்னால் சறுக்குகிறதா, ஏறும்போது குதிகால் எழும்புகிறதா என்று கவனியுங்கள். பின்வாருக்குள் ஒரு விரல் நுழையலாம், இரண்டு நுழையக் கூடாது. 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். தோல் கொஞ்சம் இளகிக்கொடுக்கும், உண்மைதான். அகலத்தில் இளகுமே தவிர நீளத்தில் வளராது. முதல் நாளே கடிக்கிற செருப்பைப் பழக்கிக்கொள்ளலாம் என்று பாடுபட்டுத் தழும்போடு வந்தவர்கள் எத்தனையோ பேர். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளலாமா?

மேற்பாகத்துக்கு நல்ல தோல் அல்லது வலைபோல் நெய்த துணி. தோல் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சி மெல்ல வெளியே விடும்; வலைத்துணி சீக்கிரம் உலரும். பளபளக்கும் ரெக்சின் இரண்டும் செய்யாது. அதைவிட முக்கியம் பாதம் படும் உள்தட்டு. வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டில் வியர்வை படர்ந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரைபோல் வழுக்கும்; விரல்கள் மறுபடி கொக்கியாகிவிடும். சொரசொரப்பான தோல், கார்க், துணி, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வாரின் உள்பக்கத்தையும் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். தையல் முடிச்சோ ஒட்டுப் பிசிறோ அகப்பட்டால் அது உங்கள் காலிலும் அகப்படும். அணியத் தொடங்கிய சில நாளில் வார் படும் இடத்தில் அந்த வாரின் வடிவத்திலேயே செந்தடிப்பும் அரிப்பும் வந்தால், அது ஒவ்வாமை. தோல் பதனிடும் குரோமியமோ, ரப்பர் வேதிப்பொருளோ, ஒட்டும் பசையோ காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்கும்போது செருப்பையும் கூடவே கொண்டுபோங்கள்.

வியர்வைக்கு வருகிறேன். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. புதிய வியர்வைக்கு நாற்றம் கிடையாது. ஈரத்தில் பெருகும் பாக்டீரியா அதையும் இறந்த தோலையும் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. நாற்றமும் சேற்றுப்புண்ணும் ஈரம் தங்குவதால் வருபவை. எனவே செருப்பு உலர்வதற்கு நேரம் கொடுப்பதுதான் வைத்தியம். நாள் முழுக்க வியர்த்த ஒரு ஜோடி, ஒரே இரவில் முழுவதும் உலர்வதில்லை. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். ஒன்றுதான் முடியுமென்றால், மாலையில் கழற்றியதும் வார்களை விரித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மூடிய அலமாரியில் தள்ளிவிடாதீர்கள். சுள்ளென்ற வெயிலிலும் காயப்போட வேண்டாம்; ஈ.வி.ஏ. நுரை சூட்டில் சுருங்கும், பசை விட்டுப்போகும். கதவு ஜன்னல் மூடி வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைப்பதும் அதே கெடுதல்தான்.

அலுவலகத்தில் நன்கு பொருந்தும் மூடிய ஷூ ஒன்றை மேஜைக்கடியில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. தெருவுக்குச் சாண்டல், கூட்டங்களுக்கு ஷூ. போய்ச் சேர்ந்ததும் கால் கழுவி, விரல் இடுக்குகளை, முக்கியமாக நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே, துடைத்து உலர்த்திவிட்டு மாற்றுங்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது. அது பூஞ்சைத் தொற்று. மருந்து தடவி அரிப்பு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் திரும்ப வருகிறது. மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை தடவுங்கள். போன ஆண்டின் கறுப்பு ஷூவை மறுபடி எடுப்பதாக இருந்தால், அதன் உள்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். குதிகால் இன்னும் தளர்வாக இருந்தால் ஷூவையே விட்டுவிடுங்கள்.

ஷூ அணியும் நாளில் காலுறை இல்லாமல் அணியாதீர்கள். குறைவான சூடு என்று நினைத்துத்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். வியர்வை போக இடமில்லாமல் தோல் ஊறி வெளுத்துவிடும். முழுப் பருத்தியைவிடப் பருத்தியும் செயற்கை இழையும் கலந்த மெல்லிய காலுறை மேல். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், ஆனால் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு மாற்று ஜோடி பையில் இருக்கட்டும்.

செருப்பு மாறிவிட்டால் மட்டும் குதிகால் வலி உடனே போய்விடாது. நைந்த நார் தேற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே, உட்கார்ந்து ஒரு காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பத்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, பத்து முறை. உள்ளங்காலில் நார் தந்திபோல் விறைத்து நிற்பதை மற்றக் கையால் தொட்டு உணரலாம். அது விறைத்தால்தான் சரியாகச் செய்கிறீர்கள். பிறகு சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபட வேண்டும். அரை நிமிடம், மூன்று முறை, காலையும் மாலையும். இரவில் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளங்காலுக்கடியில் ஐந்து நிமிடம் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு கடினமான தரையில் நடக்காதீர்கள். இந்தச் சாண்டலைப் போன்ற தாங்கலுள்ள ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லையென்றால் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் நடக்கிற கணக்கில் மாதத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகிறது. ஓட்டக் காலணிகளை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது வழக்கம். உங்கள் சாண்டலுக்கும் அதையே அளவாக வைத்தால் ஐந்து முதல் எட்டு மாதம். மேற்பாகம் புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மாதம் ஒரு முறை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. அந்தத் தட்டைச் செருப்பை எறிய மனமில்லையென்றால் விருந்துக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வலி முழுவதும் போன பிறகு.

உங்கள் அம்மாவுக்கு இதையே வாங்க வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தின் உணர்வு குறையலாம். உங்களுக்குக் கடிக்கிற இடத்தை உங்கள் கால் உடனே சொல்லிவிடும். அவர் கால் சொல்லாமல் இருந்துவிடும், புண் ஆன பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் மருத்துவரிடம் அழைத்துப்போய் இரண்டு பாதத்திலும் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை. வலி இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அவருக்கு வேண்டியது விரலும் குதிகாலும் முழுக்க மூடிய, உள்ளே தையல் விளிம்பு எதுவும் துருத்தாத, ஆழமும் அகலமும் கூடுதலான காலணி. அதோடு வெளிர் நிறக் காலுறை, ஒரு துளி கசிவு இருந்தாலும் தெரியும்படி. திறப்புள்ள சாண்டலில் ஒரு சிறு கல் நுழைந்தால் நீங்கள் நின்று உதறிவிடுவீர்கள். அவர் அந்தக் கல்லோடு நாள் முழுவதும் நடந்துவிடக்கூடும். ஒவ்வொரு முறை அணியும் முன்பும் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையைவிட்டு முனைவரை தடவிப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கண் மங்கலாகவோ குனிய முடியாமலோ இருந்தால், காலையில் நீங்கள் சாண்டலை மாட்டும்போது அவருடையதையும் எடுத்துக் கைவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் அவர் பாதங்களை மடியில் வைத்து, விரல் இடுக்கு உட்பட, விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள்.